ஒரு பிரேக்குக்கு ஒரு பாலாடை

சித்தப்பா அந்தக் கொட்டேஷன் தாளை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் கிளாஸ் சூடு ஆறுவதற்குள் அதை எடுத்து விரித்து, பறக்காமல் இருக்க மேலே செல்போனை வைத்தார். ஒரே எஸ்யூவிதான், விலை மட்டும் இரண்டு. இடது பக்கம் சாதா பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். வலது பக்கம் ஹைபிரிட். நடுவில் ஷோரூம் பையன் பேனாவால் சுழித்துக் காட்டியிருந்த வித்தியாசம் இரண்டரை லட்சம்.

"லிட்டருக்கு இருபத்தெட்டு குடுக்குதாம்பா. ரெண்டே வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்ன்றான். நீதான் சயின்ஸ்லாம் எழுதுறியே, சொல்லு. திரும்புமா?"

"வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க சித்தப்பா?"

"அதை யாரு எண்ணிக்கினு இருக்கா?"

"சரி, காஞ்சிபுரம் போனா எத்தனை தடவை பிரேக் போடுவீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டீக்கடைக்காரரும் பார்த்தார். ஆனால் ஹைபிரிட் வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. சன்ரூஃப், பெரிய திரை, காற்று வரும் சீட்டு என்று தாளில் இருந்த மற்றதெல்லாம் கல்யாண மண்டப வாசல் வாழைமரம் மாதிரி. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டத்தான் விடாது. ஊர் தொடங்கும் இடத்தில் ஒரு வேகத்தடை, முடியும் இடத்தில் இன்னொன்று, நடுவில் பள்ளிக்கூடம் இருந்தால் மேலும் இரண்டு. அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். மீதிப் பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகும், பின்னால் வருபவனுக்கு முன்னால் ரோடு இருப்பதே தெரியாத அகலத்தில். ஆட்டு மந்தைக்கு ஹாரன் புரியாது. கல்குவாரிப் பக்கமிருந்து வரும் டிப்பருக்குப் புரியும், ஆனால் வழி விடாது. அறுபதில் போகிற கார் இருபதுக்கு இறங்கி, திரும்ப அறுபதுக்கு ஏறுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

இப்படி ஒரு தடவை இறங்குவதில் என்ன போகிறது? ஆளும் மூட்டையுமாகக் காரின் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அரை எம் வி ஸ்கொயரில் போட்டால் அந்தக் கார் சுமந்துகொண்டு ஓடும் இயக்க ஆற்றல் சுமார் 2,08,000 ஜூல். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் ஆற்றலும் மூன்றில் ஒன்றாகும் என்றுதான் மனசு சொல்லும். வாய்ப்பாடு வேறு சொல்கிறது. வேகத்தின் வர்க்கம் என்பதால் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஒன்பதில் எட்டுப் பங்கு, அதாவது 1,85,000 ஜூல், வேகத்தடையைத் தொடுவதற்கு முன்பே பிரேக் தகட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. முழுசாக நிற்கவில்லையே, கொஞ்சம் மெதுவாகத்தானே போனோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காரைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட நின்றுதான் கிளம்புகிறது.

அந்த ஆற்றலைப் பெட்ரோலாக மாற்றிப் பார்த்தால் வயிறு எரியும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. இப்போது பங்க்கில் வரும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் 30 என்று வைத்துக்கொள்ளலாம், எத்தனாலுக்குச் சூடு கம்மி. அதில் சக்கரம் வரை வந்து சேர்வது நல்ல நாளிலேயே கால் பங்குதான். மீதியெல்லாம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் போய்விடும். ஆக, ஒரு வேகத்தடையில் தொலைத்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க ஆகும் பெட்ரோல் 25 மில்லி. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவோமே பாலாடை, அதில் ஒன்று. ரூபாயில் இரண்டரை. முப்பது கிலோமீட்டரில் இருபது தடவை இப்படி நடந்தால் அரை லிட்டர். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டுத் தானாக வேகம் குறையவிடும் பழக்கம் உள்ளவருக்கு இது குறையும். எங்கள் சித்தப்பாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இந்தப் பாலாடையில் பாதியைத் திருப்பிப் பிடிக்கும் இயந்திரத்துக்குத்தான் ஹைபிரிட் என்று பெயர்.

பழைய சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டைனமோவை டயரில் சாய்த்ததும் விளக்கு எரியும், பெடல் கனக்கும். கரண்ட்டு சும்மா வராது, சக்கரத்தின் ஓட்டத்தைத் தின்றுதான் வரும். ஹைபிரிட் காரில் சக்கரத்தோடு இணைந்த மின்மோட்டார் இருக்கிறது. பிரேக்கை மெதுவாக மிதித்தால் அந்த மோட்டாரே பெரிய டைனமோவாக மாறும். கார் கனத்து வேகம் குறையும், பேட்டரிக்குக் கரண்ட்டு போகும். கிளம்பும்போது அதே கரண்ட்டு அதே மோட்டாரைச் சுழற்றும். சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு என்று நாலு கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் நூற்றுக்குப் பத்து சிந்தினால் கடைசியில் நிற்பது 66. காற்றும் டயரும் எடுத்துக்கொள்வதையும் கழித்தால் பாதி. எதிரே திடீரென்று ஆடு குதித்து, ஓங்கி மிதித்தால் அந்தப் பாதியும் கிடைக்காது. அறுபதை மூன்று நொடியில் நிறுத்தினால் பாயும் திறன் 70 கிலோவாட். இந்தக் காரில் இருக்கும் சின்னப் பேட்டரி அவ்வளவையும் ஒரே மடக்கில் விழுங்காது, பழைய தகட்டு பிரேக்தான் ஓடி வந்து காப்பாற்றும்.

பேட்டரி எவ்வளவு சின்னது என்பது பலருக்குத் தெரியாது. 2022இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டும் பெங்களூருவுக்கு அருகே பிடதியில் ஒரே தொழிற்சாலையில் உருவாகும் கிட்டத்தட்ட ஒரே கார். அவற்றின் ஹைபிரிட் மாடலில் உள்ள பேட்டரி 0.76 கிலோவாட் மணி. மின்வாரியக் கணக்கில் முக்கால் யூனிட். வீட்டு ஒன்றரை டன் ஏசியை அரை மணி நேரம் ஓட்டினால் தீர்ந்துபோகும் கரண்ட்டு. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் கிரெட்டாவின் மின்சார மாடலில் 42 யூனிட் பேட்டரி இருக்கிறது, 51.4 யூனிட்டிலும் உண்டு. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் மின்சாரக் காருடையது ஏரி, ஹைபிரிடுடையது தாங்கல். ஏரி ஒரு தடவை நிரம்பினால் போகம் முழுக்கப் பாயும். தாங்கல் ஒரு மழைக்கு நிரம்பி, ஒரு வாரத்தில் வற்றி, அடுத்த மழைக்கு மறுபடி நிரம்பும். நம் பேட்டரித் தாங்கல் சில ஊர் பிரேக்கிலேயே நிரம்பிவிடும், அடுத்த இரண்டு ஊருக்குள் வற்றிவிடும். அதனால் கெட்டுப்போகாதா என்றால், முழுக்க நிரம்பவும் விடாமல் அடிவரை வற்றவும் விடாமல் நடுமட்டத்திலேயே கம்ப்யூட்டர் அதை வைத்திருக்கிறது. லித்தியம் பேட்டரியைப் பாழாக்குவது அந்த இரண்டு ஓரங்கள்தான். 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று கம்பெனிகள் துணிந்து வாரண்டி கொடுப்பது அந்த நடுமட்ட வாழ்க்கையை நம்பித்தான்.

பிரேக் கதை பாதிதான். மீதிப் பாதி பம்ப்செட் கதை.

சமமான ரோட்டில் அறுபதில் சீராகப் போக ஒரு எஸ்யூவிக்கு ஏழெட்டு குதிரைத்திறன் போதும். கிணற்றில் இறக்கியிருக்கிறோமே ஏழரை எச்பி மோட்டார், அது செய்கிற வேலைதான். பானெட்டுக்குள் இருப்பதோ நூறு எச்பிக்கு முன்பின்னான இன்ஜின். நூறு எச்பி மோட்டாரைப் போட்டு ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் இறைத்தால் என்ன ஆகும்? பெட்ரோல் இன்ஜினைக் குறைந்த வேலைக்கு ஓட்டும்போது காற்று உள்ளே வரும் கதவைப் பாதி சாத்தி வைக்கிறோம். அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுப்பதிலேயே இன்ஜின் தன் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நன்றாக வேலை வாங்கினால் பெட்ரோலின் சூட்டில் நூற்றுக்கு முப்பத்தைந்தையோ நாற்பதையோ சுழற்சியாக மாற்றக்கூடிய அதே இன்ஜின், டிராக்டர் பின்னால் முப்பதில் ஊரும்போது அதில் பாதியைக்கூட மாற்றாது. ஹைபிரிட் என்ன செய்கிறது என்றால், அந்த மாதிரி நேரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஊர்கிறது. பேட்டரி இறங்கினால் இன்ஜினை எழுப்பி, அதற்குப் பிடித்த சுமையில் கொஞ்ச நேரம் ஓட்டி, மிச்சத்தைத் தாங்கலில் தேக்கிவிட்டு, மறுபடி தூங்க வைக்கிறது. கரண்ட்டு இருக்கும்போது மேல்தொட்டியை நிரப்பிக்கொண்டு பிறகு குழாயைத் திறக்கிற வேலை, அவ்வளவுதான்.

மோட்டார் துணைக்கு இருப்பதால் இன்ஜினையே வேறு மாதிரி செய்ய முடிகிறது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1882இல் ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். காற்றையும் எரிபொருளையும் குறைவாக அழுத்தி, எரிந்த பிறகு கூடுதலாக விரியவிட்டால், அந்தச் சூட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை பிழியலாம். பிழியலாம்தான், ஆனால் இன்ஜினுக்கு இழுவை குறைந்துவிடும், கிளம்பும்போது மூச்சு வாங்கும். அதனால் நூறு வருடத்துக்கு மேல் கார்க்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. 1997 டிசம்பரில் டொயோட்டா பிரியஸ் வந்தபோதுதான் அதற்கு விடிவு வந்தது. கிளம்பும் வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்றானதும் மூச்சு வாங்கும் இன்ஜின் சிக்கன இன்ஜினாகிவிட்டது. கிராண்ட் விட்டாரா ஹைபிரிடில் இருக்கும் மூன்று சிலிண்டர், 1,490 சிசி இன்ஜினும் அந்த வம்சம்தான். இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் சக்கரத்தோடு சேர்ப்பது நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்ற அமைப்பு. மாற்றுவதற்குக் கியரும் இல்லை, தேய்வதற்குக் கிளட்ச்சும் இல்லை. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கூட இல்லை. மெக்கானிக்குகளுக்கு இது வருத்தமான செய்தி.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹைபிரிட் என்ற சொல்லை இப்போது எல்லாவற்றிலும் ஒட்டுகிறார்கள். சித்தப்பாவின் தாளில் இடது பக்கம் 'சாதா' என்று அவர் நினைத்திருந்த காரிலேயே சின்ன எழுத்தில் 'மைல்ட் ஹைபிரிட்' என்று இருந்தது. அதில் இருப்பது இன்ஜினுக்குப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிடும் சின்ன மோட்டார். தனியாக ஒரு அடி கூடக் காரை நகர்த்தாது. இந்தக் கட்டுரை பேசுவது இன்ஜின் அணைந்திருக்கும்போதும் மோட்டாரில் நகரும் 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' பற்றி.

அந்த இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது? அரசு ஒப்புக்கொண்ட கணக்கில் கிராண்ட் விட்டாரா ஹைபிரிடின் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்! நகைக்கடைத் தராசு தோற்றுவிடும். இது ஒரு ஆய்வுக்கூட எண். நம் மாவட்டத்து ஒரகடத்திலேயே அப்படிப்பட்ட வாகனச் சோதனை மையம் ஒன்று இருக்கிறது. காரை உருளைகள் மேல் ஏற்றி நிறுத்தி, சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டு, இருபது நிமிடத்துக்குள் முடியும் ஒரு வேகப் பட்டியல்படி ஓட்டுவார்கள். மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகாது, அதிக நேரம் அதைவிட எவ்வளவோ மெதுவாகப் போகும், பல தடவை நிற்கும். ஏசி போடமாட்டார்கள். ஹைபிரிடுக்கு அதைவிட நல்ல பரீட்சைத் தாள் கிடைக்காது, படித்த கேள்வியாகவே வரும். அதே காரின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் அதே பரீட்சையில் வாங்கியது 20.58. நிஜ ரோட்டில், மே மாதத்து ஏசியோடு, எத்தனால் கலந்த பெட்ரோலோடு, பெட்ரோல் காருக்கு 15, ஹைபிரிடுக்கு 22 என்று வைத்துக்கொள்கிறேன். ஹைபிரிடுக்குக் கொஞ்சம் சாதகமாகவே வைத்திருக்கிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற நம் அளவே கொஞ்சம் ஏமாற்றுக்கார அளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 15இலிருந்து 20 ஆவதும் 20இலிருந்து 25 ஆவதும் ஒரே லாபம் போலத் தெரியும். நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் முதலாவது மிச்சம் பிடிப்பது 1.67 லிட்டர், இரண்டாவது 1 லிட்டர்தான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008இல் 'சயன்ஸ்' இதழில் இதைப் பற்றியே கட்டுரை எழுதினார்கள். படித்தவர்களும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். பால் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அதுதான் சரிப்பட்டு வரும். அந்தக் கணக்கில் நம் பெட்ரோல் கார் 6.67 லிட்டர், ஹைபிரிட் 4.55. வித்தியாசம் 2.12 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 12 காசு மிச்சம்.

இப்போது இரண்டரை லட்சத்துக்கு வருவோம். கிராண்ட் விட்டாரா 2022 செப்டம்பரில் அறிமுகமானபோது ஒரே தரத்து ஆட்டோமேட்டிக் பெட்ரோலுக்கும் ஹைபிரிடுக்கும் இடையே 2.60 லட்சம் வித்தியாசம் இருந்தது. விலைகள் ஏறி இறங்கினாலும் இரண்டரை என்பது கணக்குக்கு உதவும். அது ஷோரூம் விலை. அதன் மேல் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி உண்டு. 2023இல் உயர்த்திய விகிதப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். வித்தியாசத் தொகைக்கும் சேர்த்துத்தான் வரி. ஆக இரண்டரை லட்சம் 2.95 லட்சமாகிவிடுகிறது. ஹைபிரிட் என்பதாலேயே கார் 20 லட்சக் கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் 20 சதவீதம், அது தனி அடி. 2024இல் உத்தரப் பிரதேசம் ஸ்ட்ராங் ஹைபிரிடுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. இங்கே அந்தச் சலுகை கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியிலும் பெரிய பெட்ரோல் காருக்கும் இந்த ஹைபிரிடுகளுக்கும் ஒரே 40 சதவீதம்தான். மின்சாரக் காருக்கு மட்டும் 5. அரசாங்கத்தின் கண்ணில் ஹைபிரிட் என்பது இன்னொரு பெட்ரோல் வண்டி.

2.95 லட்சத்தை 2.12ஆல் வகுத்தால் 1,39,000 கிலோமீட்டர். ஷோரூம் பையன் சொன்ன இரண்டு வருடத்தில் அது திரும்ப வேண்டுமானால் தினம் 190 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், பொங்கல் தீபாவளி லீவு இல்லாமல்.

டீ ஆறிப்போயிருந்தது. "அப்ப பத்து வருஷம் வச்சுக்கினு ஓட்டுனா திரும்பிடும்ல?" என்றார் சித்தப்பா. இந்த இடத்தில்தான் எல்லாரும் ஒரு ஆளை மறந்துவிடுகிறார்கள். வட்டி.

அந்த 2.95 லட்சத்தை 7 சதவீத வைப்புத்தொகையில் போட்டால் வருடத்துக்கு 20,650 ரூபாய் தரும். வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஹைபிரிட் மிச்சம் பிடிக்கும் பெட்ரோல் 12,700 ரூபாய். அதாவது பணம் பேங்கில் சும்மா படுத்துக்கொண்டே காரை ஜெயித்துவிடும். பத்து வருடம் அல்ல, நூறு வருடம் வைத்து ஓட்டினாலும் போட்ட காசு திரும்பாது. வட்டியைத் தொடவே வருடத்துக்கு 9,700 கிலோமீட்டர் ஓட வேண்டும், அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும்தான் அசலைத் திருப்பும். கார் லோனில் 9 சதவீதத்துக்கு ஐந்து வருடத் தவணையில் வாங்கினால் அந்த 2.95 லட்சத்துக்கு மட்டும் கட்டுவது 3.67 லட்சம். ஊரில் இரண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்கி முன்பணம் கட்டுகிறவர்களும் உண்டு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 70,800. அதை ஈடுகட்ட 33,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், டாக்சிக்காரரால்தான் முடியும்.

உத்திரமேரூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் குடவோலையைப் பற்றிக் கேட்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்தது குலுக்கிச் சீட்டெடுக்கும் இடம் அல்ல. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மட்டுமில்லை, அவன் சொந்தக்காரர்கள் பெயரையும் ஓலையில் எழுதக்கூடாது என்று போட்டிருக்கிறார்களே, அந்த இடம்தான். ஷோரூம்களுக்கு அப்படி ஒரு வாரியம் இருந்தால் நன்றாக இருக்கும்.

அப்படியானால் ஹைபிரிட் யாருக்கு? எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். வாலாஜாபாத் வழியாகப் போக வர 80 கிலோமீட்டருக்குக் குறையாது. வருடத்துக்கு 270 நாள் என்றால் 21,600 கிலோமீட்டர். வழி முழுக்க லாரி, ஷிஃப்ட் பஸ், சிக்னல், ரவுண்டானா. அவன் வருடத்துக்குப் பிடிக்கும் மிச்சம் 45,000 ரூபாய்க்கு மேல். வட்டி போக மீதியிலேயே அசல் திரும்ப ஆரம்பித்துவிடும். வாரண்டி முடிவதற்குள் வண்டி தன் கூடுதல் விலையைப் பெரும்பாலும் சம்பாதித்துவிடும். அவன் புகைபோக்கியிலிருந்து வெளியேறாமல் தப்பும் கரியமில வாயுவும் வருடத்துக்கு ஒரு டன்னுக்கு மேல், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும் என்ற கணக்கில்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஊர்ந்து வருகிறவருக்கும் இதே பேச்சுதான். பரனூர் டோல்கேட் வரிசையில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும் சாதாரண இன்ஜின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு முன்பின் குடிக்கும், ஒரு அடி நகராமலே. ஹைபிரிடில் ஏசி கம்ப்ரசர் கரண்ட்டில் ஓடுவதால் கால் மணி நேரம் வரை இன்ஜின் தூங்கலாம்.

அதே ஆள் படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோடு ஏறித் திருச்சிக்கு நூறில் பறந்தால் கதை மாறுகிறது. நூறில் போக சுமார் 21 குதிரைத்திறன் வேண்டும். அதில் 15ஐக் காற்று ஒன்றே தின்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். காற்றில் தொலைத்ததைத் திருப்பிப் பிடிக்க எந்த டைனமோவும் கிடையாது. பிரேக்கும் இல்லை, ஊர்வதும் இல்லை, இன்ஜினுக்கு நல்ல சுமையும் கிடைத்துவிட்டது. அட்கின்சன் புண்ணியத்தில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். இப்படி நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவருக்கு இன்னமும் டீசல் தேவலை.

இன்னொரு பக்கம் டீக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் காரில் போகிறவர்கள். இரண்டு கிலோமீட்டரில் ஹைபிரிடுக்கு வேலையே இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி சூடாக வேண்டும் என்பதற்காகவே இன்ஜின் எழுந்து ஓடும், சூடானதும் வீடு வந்துவிடும். சொந்த வீடு, சொந்தப் போர்ட்டிகோ, தினம் நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டம் என்றால் மின்சாரக் காரையும் ஒரு கை பார்க்கலாம். பட்டணத்து ஃபிளாட்டுக்காரருக்கு இல்லாத வசதி அது, வாசலிலேயே பிளக் பாயிண்ட். வீட்டு மீட்டரில் போட வேண்டும். விவசாயத்துக்கு வரும் இலவசக் கரண்ட்டில் மோட்டார் ஷெட்டுக்குள் காரைக் கட்டி வைக்கலாமா என்று ஒருவர் என்னிடம் தனியாகக் கேட்டார். பதில் சொல்லவில்லை.

கணக்கில் வராத சில்லறை விஷயங்கள் கிராமத்தில் பெரிய விஷயங்கள். ஹைபிரிடின் பேட்டரி டிக்கித் தரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. கிராண்ட் விட்டாராவில் 373 லிட்டராக இருக்கும் டிக்கி, ஹைபிரிடில் 265 லிட்டர். நெல் மூட்டை ஏற்றுகிறவருக்கு அந்த நூறு லிட்டர் தெரியும். பின்சீட்டு ஓரத்தில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் வழி இருந்தால் அதைத் துணிப் பையால் அடைத்து வைக்கக்கூடாது. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற ஒயர்கள் ஓடும். அவற்றில் பாய்வது 177 வோல்ட்டுக்கு மேல். ஊர் மெக்கானிக் கை வைக்கமாட்டார், வைக்கவும் கூடாது. எலிக்கு அந்த நிற பேதம் கிடையாது. என் பழைய காரில் ஒரு மார்கழியில் எலி ஒயரைக் கடித்ததற்கு ஆன செலவை இன்னும் வீட்டில் சொல்லவில்லை, ஆரஞ்சு ஒயரைக் கடித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்னொன்று, இவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் காரை எழுப்புவது பழைய 12 வோல்ட் பேட்டரிதான். மகன் சென்னையில் இருந்துகொண்டு பொங்கலுக்குத்தான் எடுப்பான் என்று மாதக்கணக்கில் மூடி வைத்தால் அது செத்துவிடும். நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் ஹைபிரிட் ஸ்டார்ட் ஆகாது.

சொல்லியும் சித்தப்பா நம்பவில்லை. "நான் நிறைய ஓட்டுறேன்பா, உனக்குத் தெரியாது." சரி, ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள் என்றேன். அவர் எண்ணமாட்டார் என்று சித்திக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முந்தானையில் புளியங்கொட்டை முடிந்துகொண்டு, அவர் பிரேக் மிதித்து உடம்பு முன்னால் சாயும்போதெல்லாம் ஒரு கொட்டையைச் சொம்பில் போட்டார். காஞ்சிபுரம் ஒரு நடை, ஒரு கல்யாணம், மீதி எல்லாம் வயலும் வீடும்.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் சொம்பைக் கவிழ்த்தோம். 131 கொட்டை. மீட்டரில் ஓடியிருந்தது 96 கிலோமீட்டர். வருடத்துக்கு 5,000 தேறும்.

"கொட்டை நெறைய கீது," என்றார் சித்தி, கொட்டைகளைத் திரும்ப முந்தானையில் அள்ளிக்கொண்டே. "தூரம்தான் இல்ல."

சித்தப்பா ஒன்றும் பேசாமல் தாளை மடித்தார். மறுநாள் பார்த்தேன், அது எதிர்வீட்டுப் பையனின் பைக் டேங்க் கவருக்குள் இருந்தது.